அளவுக்குப் போன கழுத்து

எங்கள் ஊரில் பாதிப் பெண்களுடைய நகை முதன்முதலாக ஏறிய கழுத்து அவர்களுடையது இல்லை. என் பெரியம்மா மகளுடையது. நான் அவளை அக்கா என்பேன். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் சொன்னார்கள். நாளைக்கு நகைக்கடைக்குக் கூட்டிப்போக வேண்டிய ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பகைத்துக்கொள்ள யாருக்கும் தைரியமில்லை.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நிச்சயம் ஆனதும் பெண்ணுக்கு மோதிரமும் செயினும் மாப்பிள்ளை வீட்டார்தான் எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் பெண்ணைக் கடைக்குக் கூட்டிப்போக முடியாது; கல்யாணத்துக்கு முன்னாலேயே கூட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள் என்று பேச்சு வரும். விரல் அளவு என்ன என்று ஆள்விட்டுக் கேட்கவும் முடியாது. ஒரு மோதிரத்துக்கு இத்தனை விசாரணையா என்று அதற்கும் பேச்சு வரும். ஆகவே, பெண்ணின் உடம்புவாகில் இருக்கிற வேறொருத்தியைக் கடைக்குக் கூட்டிப்போய், அவளுக்குப் போட்டுப் பார்த்து எடுப்பார்கள். அந்த வேறொருத்தி, ஊரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும், எங்கள் அக்காதான்.

அவள் ஒல்லியும் இல்லை, பருமனும் இல்லை. கழுத்து நெட்டையும் இல்லை, குட்டையும் இல்லை. கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் எந்தப் பெண்ணாகவும் ஆகிவிடுவாள். "பொண்ணு உங்களவிட பூசினாப்ல இருக்குங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னால், முந்தானையைச் சுருட்டிக் கழுத்தடியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு அதன்மேல் செயினைப் போடச் சொல்வாள். "அவ்வளோ உசரம் இல்லீங்க" என்றால் நாற்காலியில் சரிந்து உட்கார்வாள். துணைக்குப் போன நான் சிரிப்பேன்.

"சிரிக்காதடா. இப்ப நான் நானில்ல. அந்தப் பொண்ணு."

அவள் கழுத்தில் எப்போதும் கிடந்தது உத்தரியம் ஒன்றுதான். மாதா கோயிலில் கொடுக்கிற, துணித் துண்டு கோத்த பழுப்புக் கயிறு. கடையில் உட்கார்ந்ததும் அதை முதுகுப்பக்கம் தள்ளிவிடுவாள். கடைக்காரர் முன்னால் கண்ணாடியைத் திருப்பி வைப்பார். அவள் அதைத் திருப்பி, கூட வந்தவர்கள் பக்கமாக வைத்துவிடுவாள்.

"எனக்கெதுக்குங்க கண்ணாடி? போட்டுக்கப் போறவளா பாக்கப் போறா?"

செயினைப் போட்டதும் முகத்தை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருப்பாள். வந்தவர்கள் கிட்டே வந்து பார்ப்பார்கள், தள்ளி நின்று பார்ப்பார்கள், இன்னும் ரெண்டு இஞ்ச் கூட இருந்தால் எடுப்பாக இருக்குமோ என்பார்கள். எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு அவள் சொல்வாள்:

"நல்லாப் பாத்துக்கங்க, கழட்டப் போறேன்."

"பாத்தாச்சுங்க, கழட்டுங்க" என்பார்கள். கழற்றுவாள். உத்தரியம் முன்பக்கம் வந்துவிடும்.

தாலிச் செயின் மட்டும் போட்டுப் பார்க்க மாட்டாள். யாரும் கூடாது என்று சொன்னதில்லை. அவளாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. இரண்டு முனையையும் விரலால் பிடித்துச் சேலைமேல் வைத்துக் காட்டுவாள். கொக்கியை மாட்டுவதில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறவன். கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் மைக்கைப் பிடிப்பேன், கூட்டம் சிரிக்கும். சாவில்கூடச் சிரிக்கும், செத்தவரின் சம்பந்தி வீட்டார்தான் முதலில் சிரிப்பார்கள். ஆனால் காரியம் என்னுடையது என்றால் எனக்கு முதலில் வயிறு கலங்கும், பிறகு முட்டி ஆடும், கடைசியாகப் புத்தி போய்விடும். இந்த வரிசை ஒரே ஒரு தடவைதான் மாறியிருக்கிறது.

என் கல்யாணத்துக்கு மோதிரம் எடுத்த கதை அதற்குச் சாட்சி. எங்களில் கோயிலில் சாமியார் முன்னால் மோதிரம் மாற்றுவோம். பெண் ரெஜினா தர்மபுரிக்காரி. அவள் தங்கையைக் கெஞ்சி, ரெஜினா மத்தியானம் அசந்து தூங்கும்போது விரலில் நூலைச் சுற்றி அளவெடுத்து வரச்செய்தேன். வந்த நூலைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்தேன். என் அம்மா சட்டையைப் பத்திரமாகத் துவைத்துப் போட்டாள். காய்ந்தபின் எடுத்துப் பார்த்தால் நூல் சுருண்டு கிடந்தது. அந்த அளவை நம்பினால் நான் கட்டிக்கொள்ளப் போவது ஒரு கோழிக்குஞ்சு.

அக்காவிடம் ஓடினேன். "கல்யாணத்த ஒரு மாசம் தள்ளிப் போட்டுரலாமாக்கா?"

அவள் புளி தட்டிக்கொண்டிருந்தாள். பாப்பாரப்பட்டி மண்டிகளிலிருந்து புளியை மூட்டையாகக் கொண்டுவந்து வீட்டில் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, சின்னச் சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுப்பது எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்கு வேலை. சுத்தியலைக் கீழே வைக்காமல் கேட்டாள்:

"அந்தப் பொண்ணு ஞாயித்துக்கிழம எந்தப் பூசைக்கு வரும்?"

போனோம். பூசை நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்கிற நேரம் வரும். எல்லோரும் அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கைகூப்புவார்கள். அக்கா மட்டும் எழுந்து, நாலு பெஞ்சைத் தாண்டிப் போய், ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சமாதானம் என்றாள். விட்டபாடில்லை. கூட்டம் கைகூப்பி முடித்து அடுத்த பாட்டு எடுத்தபிறகும் அக்காவின் சமாதானம் முடியவில்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்று, இனி இந்தக் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, தானாகவே நின்றுவிடும் என்று தெளிந்திருந்தேன்.

கையை விட்ட உடனே தன் மோதிரவிரலை மறுகையின் விரல் இரண்டால் வளையம் போட்டுப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கடைவரைக்கும் அப்படியேதான் நடந்தாள். ரோடு தாண்டும்போதும் விடவில்லை. "கெடச்சுதாக்கா?" என்றேன்.

"பேசாத. அளவு போயிரும்."

ரெஜினாவின் மோதிரம் கோயிலில் அழகாக ஏறியது. மாட்டிக்கொண்டது என்னுடையது. ஆம்பிளைக்கு என்ன பெரிய அளவு என்று வீரமாகக் கண்ணுக்குப் பட்டதை எடுத்திருந்தேன். விரல் கணுவின் மொட்டியில் போய் நின்றுவிட்டது. ரெஜினா தள்ளினாள். சாமியார் புத்தகத்தை மூடிவிட்டுக் காத்திருந்தார். எனக்கு வயிறு முடிந்து முட்டி ஆரம்பித்திருந்தது. முதல் பெஞ்சிலிருந்து அக்கா தன் விரலை வாய்க்குள் விட்டு எடுத்துக் காட்டினாள். நானும் செய்தேன். ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது: சாமியார், மணப்பெண், வாயில் விரலோடு நான்.

அதற்கெல்லாம் முன்னால் அக்காவையும் ஒரு குடும்பம் பார்க்க வந்தது. கடத்தூர்க்காரர்கள். வந்தார்கள், காபி குடித்தார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லி அனுப்பவில்லை. கொஞ்ச நாள் கழித்து மாப்பிள்ளையின் தங்கை நேரில் வந்தாள். அவளும் அக்காவும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

"தர்மபுரி வரைக்கும் வர்றியாக்கா? மோதிரம் ஒண்ணு எடுக்கணும்."

பெரியம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாரேன், எவ்வளோ நேரான மனுசங்க. நூலு கீலுன்னு இல்லாம பொண்ணையே கூட்டிப் போறாங்க" என்றாள். அக்கா கிறிஸ்மஸ் சேலையை எடுத்துக் கட்டினாள். துணைக்கு நான். மீசை அரும்பிய வயது. வாய் மட்டும் அப்போதே முழுதாக முளைத்திருந்தது.

கடையில் அக்காவுக்கு மோதிரம் போட்டார்கள். சிவப்புக் கல். முதல் தடவையே சரியாக ஏறியது. அன்றைக்கு அவள் கண்ணாடியைப் பார்த்தாள். மோதிரத்தைக் கண்ணாடியில் பார்க்கத் தேவையில்லை, கையிலேயே பார்க்கலாம். அவள் கையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியில்தான் பார்த்தாள். நான் பக்கத்துக் கடையிலிருந்து எல்லோருக்கும் கலர் சோடா வாங்கி வந்து நீட்டி, "மாப்பிள்ள ஏன் வரலைங்க? வெக்கமா?" என்றேன்.

அந்தப் பெண் நல்ல பெண். இன்றைக்கும் எனக்கு அவள்மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கலர் பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்: "அண்ணனுக்குக் கம்பைநல்லூர்ல முடிச்சிருக்குது தம்பி. அந்தப் பொண்ணுக்கும் உங்கக்கா வெரலு மாதிரியேதான் இருக்கும். அதான் கூட்டியாந்தேன். எல்லாரும் அக்காவத்தான கூட்டிப் போறாங்க?"

உண்மைதான். அதற்குள் ஊரில் பலரும் கூட்டிப்போயிருந்தார்கள். இன்னொரு வீட்டுப் பெண்ணுக்காக என்றே அவளும் கூப்பிட்டாள். நாங்கள்தான் அதற்கு முன்னால் வந்த காபியையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டோம்.

அக்கா கண்ணாடியிலிருந்து திரும்பினாள். கையைக் கடத்தூர்ப் பெண்ணுக்கு நேராக நீட்டினாள். விரலை விரித்துப் பிடித்தாள்.

"நல்லாப் பாத்துக்க. கழட்டப் போறேன்."

அந்த வார்த்தையை அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

திரும்பி வருகிற பஸ் பென்னாகரம் ரோட்டில் திரும்பியது. அப்போது அவளே சொன்னாள்.

"லேசா லூசுதான்டா."

"எதுக்கா?"

"அந்த மோதிரந்தான். சுலபமா வந்துருச்சு பாரு."

அடுத்த வாரம் வேறொரு வீட்டிலிருந்து செயினுக்குக் கூப்பிட்டார்கள். போனாள். அன்றைக்குத்தான் முதலில் கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். அப்புறம் அவளைப் பார்க்க யாரும் வரவில்லை. போட்டுப் பார்க்கத்தான் வந்தார்கள். பெரியம்மா காலமானபிறகு அக்கா எங்கள் வீட்டின் பின்னறைக்கு வந்துவிட்டாள். புளி மூட்டையும் சுத்தியலும் கூடவே வந்தன.

அந்தச் சுத்தியல்தான் அவளுக்கு முதல் எதிரி. வருஷக்கணக்கில் தட்டித் தட்டி விரல் மொட்டிகள் பருத்துப்போயின. அவளுக்கே தெரியாது. அவள் விரலுக்கு எடுத்துப்போன மோதிரங்கள் எல்லாப் பெண்களுக்கும் தளர ஆரம்பித்தன. ஒரு புது மருமகள் இட்லிக்கு மாவு கரைக்கும்போது மோதிரம் மாவுக்குள் போய், மறுநாள் மாமனார் தட்டில் இட்லியோடு வந்தது. மாமனாருக்குப் பல் ஒன்று போயிற்று. அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று வாயைத் திறந்து காட்டினார்.

நான் சிரித்து உருண்டேன். அக்கா சிரிக்கவில்லை. தன் கையை விரித்து வெளிச்சத்தில் பிடித்து, யாரோ கொண்டுவந்து கொடுத்த கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"வெரலு போச்சுடா" என்றாள். கொஞ்சம் கழித்து, "கழுத்து அப்படியேதான இருக்குது? செயினுக்குக் கூப்பிடச் சொல்லு. நீ எல்லா ஊருக்கும் செட்டு கட்டப் போறியே, சொல்லு."

மைக்கில் அறிவிக்கட்டுமா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் போகிற இடங்களில் சொல்லித்தான் பார்த்தேன். அதற்குள் பெண்களே கடைக்கு வந்து விரலை நீட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வர முடியாதவர்கள் வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினார்கள். "அவங்கவங்க போட்டுப் பாத்து எடுக்கறாங்க. நல்லதுதான்" என்றாள் அக்கா. நல்லதுதான். அந்த வருஷம் அவளை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வருஷமும்.

அப்புறம் அவளுக்கு முகம் வீங்கியது. கால் வீங்கியது. தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக் கிட்னி இரண்டும் போய்விட்டது என்றார்கள். கழுத்தில் வலதுபக்கம் குழாய் சொருகிப் பிளாஸ்திரி ஒட்டி, வாரத்துக்கு இத்தனை நாள் மெஷினில் படுக்கவேண்டும் என்றார்கள். டாக்டரிடம், "சார், ஒரு கிட்னியாவது கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று பேரம் பேசியிருக்கிறேன்.

ஒருநாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்துக் கட்டில் அம்மா, ஓசூர்ப் பக்கம், கன்னடம் கலந்து பேசுகிறவர், அக்காவைக் கேட்டார். "யாக்கம்மா, கழுத்துல ஒண்ணும் இல்லியே. நகையே போட்டது இல்லியா?"

"போடாத நகையாங்க?" என்றாள் அக்கா. "எங்க ஊருல இருக்கறது அம்புட்டும் போட்டிருக்கேன்."

பொய் இல்லை. பெருமையாகத்தான் சொன்னாள். ஆனால் ரெஜினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியில் சொன்னாள்: "அவங்களுக்கு ஒண்ணு எடுத்துக் குடுங்க. கழட்டாத மாதிரி ஒண்ணு."

முதலில் மோதிரம் என்று கிளம்பினேன். மெஷினுக்கு முந்தின நாள் நூலால் அளவெடுத்தேன். விரல் வீங்கிக் கொழுக்கட்டை மாதிரி இருந்தது. மெஷினில் நீரெல்லாம் இறங்கியபிறகு மறுபடி சுற்றிப் பார்த்தால் அதே நூலில் இரண்டு விரல் போகும். எந்த விரலுக்கு எடுப்பது? முந்தின நாள் அக்காவுக்கா, மறுநாள் அக்காவுக்கா? ரெஜினாவிடம் கேட்டேன். "ரெண்டு மோதிரம் எடுங்க, மாத்தி மாத்திப் போட்டுக்கட்டும்" என்றவள் சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சரி, செயின் என்று கடைக்குப் போனேன். அதே கடை. பழைய முதலாளியின் மகன் உட்கார்ந்திருந்தார்.

"அக்காவுக்கு ஒரு செயினுங்க."

"எடுத்துரலாம். அளவுக்கு அக்காவையே கூட்டியாந்துருக்கலாமே?"

"அளவுக்கு இல்லீங்க. அவங்களுக்கு."

சிரிக்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். கண்ணாடிப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். "எங்கப்பா காலத்துலருந்து அவங்க கழுத்தப் பாத்துத்தான் ஏவாரமே பண்ணுனோம். ஆனா அவங்களுக்கு எது எடுப்பா இருக்கும்னு பாத்ததில்லீங்களே. வேற யாரையோ நெனச்சுத்தான பாப்போம்."

நானும் அப்படித்தான். எத்தனை தடவை கூடப் போயிருக்கிறேன். கண்ணை மூடினால் செயின்கள் வருகின்றன, கடை வருகிறது, கலர் பாட்டில்கூட வருகிறது. அந்தக் கழுத்துக்கு எந்த நீளம் அழகு என்பது வரவில்லை. குட்டையாக எடுத்தால் பிளாஸ்திரியில் உரசும். நீளமாக எடுத்தால் வற்றிப்போன நெஞ்சில் கிடந்து ஆடும். வேறு வழி தெரியாமல் ஒவ்வொன்றாக என் கழுத்தில் போட்டுப் பார்த்தேன். வழுக்கைத் தலையும் தொப்பையுமாக ஒருத்தன் பெண்பிள்ளைச் செயினோடு கண்ணாடி முன் நின்றால் கடைப் பெண்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள். அதில் ஒருத்தி, "அங்கிளுக்கு இருவத்திநாலு இஞ்ச் சூட்டாகுது" என்றாள். அதை எடுத்தேன். மெல்லிய செயின்.

வார்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நர்ஸ் பார்த்துவிட்டு, "குழாய் இருக்கற வரைக்கும் கழுத்துல எதுவும் போடக்கூடாதுங்க. கையில மெஷினுக்கு வழி பண்ணிட்டா குழாய எடுத்துருவாங்க. அப்பறம் போடுங்க" என்று சொல்லிப் போனாள்.

அக்கா பெட்டியைத் திறந்தாள். செயினை எடுத்து, இரண்டு முனையையும் விரலால் பிடித்து, தாலிச் செயினுக்குச் செய்கிற மாதிரி நெஞ்சின்மேல் வைத்தாள். முகத்தை நிமிர்த்தினாள்.

"யாருக்குடா? பொண்ணு எந்த ஊரு?"

"உனக்குத்தான்கா."

"வெளையாடாத. பூசினாப்லயா, ஒல்லியா? சொன்னாத்தான பாக்க முடியும்."

"மாதா சத்தியமா உனக்குத்தான்."

வாழ்நாள் முழுக்க விளையாடுகிறவன் சத்தியம் செய்தால் நம்புவதற்கு நேரம் பிடிக்கும். என்னையும் ரெஜினாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ரெஜினா தலையாட்டினாள். அக்கா செயினைப் பிடித்தபடியே கேட்டாள்.

"கண்ணாடி இருக்குதா?"

போனில் காமிராவை முகத்துக்குத் திருப்பி அவள் முன்னால் பிடித்தேன். பார்த்தாள். பிளாஸ்திரியையும் குழாயையும் விட்டுவிட்டுச் செயினை மட்டும் பார்க்க முயன்றாள் என்று நினைக்கிறேன்.

"இந்த நீளம் எனக்குச் சரியாடா?"

எந்த மேடையிலும் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறவன் நான். "தெரியலக்கா" என்றேன்.

"எனக்கும் தெரியலியே" என்றாள். "அடுத்தவளுக்குன்னா சொல்லிருவேன்." பெட்டியில் செயினை மடித்து வைத்து என்னிடமே நீட்டினாள். "குழாய எடுக்கட்டும். நீயே வெச்சிரு. மாட்டுனா கழட்ட மாட்டேன் பாத்துக்க."

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பெட்டி என் சட்டைப் பையில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் குழாய் எப்போது சார் என்று கேட்டேன். கையில் செய்த வழி ஒரு தடவை பிடிக்கவில்லை. மறுபடி செய்தார்கள். அதற்குள் குழாய்ப் பக்கம் சீழ் வைத்தது, காய்ச்சல் வந்தது. சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் பையைத் தடவிப் பார்ப்பேன். பயந்தவனுக்கு வாய்த்த ஒரே புத்தி அதுதான். நூல் போன மாதிரி இது போய்விடக்கூடாது என்று செயினைக் காத்தேன். காக்க வேண்டியது அது இல்லை என்று எனக்குத் தெரியாமலா இருந்தது?

குழாயை எடுத்தார்கள். அவள் செத்தபிறகு எடுத்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டி, கிறிஸ்மஸ் சேலை ஒன்றைக் கட்டியபிறகு, ரெஜினா என்னிடம் கையை நீட்டினாள். பெட்டியைக் கொடுத்தேன். உத்தரியத்தை ஒதுக்கிவிட்டுச் செயினை மாட்டி, பின்னால் கொக்கியைப் போட்டாள். நான் பார்த்தேன். வேறு யாரையும் நினைக்காமல் அந்தக் கழுத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். இருபத்துநாலு இஞ்ச். அவ்வளவு சரியாக இருந்தது. அவளிடம் சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன்.

ஊர் வந்தது. கடத்தூர், கம்பைநல்லூர் எல்லாம் வந்தது. ரேடியோ செட் கட்டவில்லை. வந்த பெண்கள் குனிந்து பார்த்து, "செயினு நல்லா அமைஞ்சிருக்குது" என்று மெதுவாகச் சொல்லிப் போனார்கள். சொன்ன கழுத்துகளில் கிடந்ததில் பாதி, ஒரு தடவை இந்தக் கழுத்தில் கிடந்தது.

கல்லறைத் தோட்டத்தில் செபம் முடிந்து சவப்பெட்டியை மூடும்முன் உபதேசியார் என் பக்கம் சாய்ந்தார். "நகை நட்டு கழட்டறதா இருந்தா கழட்டிருங்க."

"கழட்ட வேணாம்" என்றாள் ரெஜினா.

"தங்கத்தோட வெக்கறது நல்லதில்லம்மா" என்றார் அவர். அவர் தப்பாகச் சொல்லவில்லை. "ஊரே பாத்திருக்குது. காட்டு ஓரமா இருக்கற எடம். எவனாவது நோண்டுவான். அந்தம்மாவ நிம்மதியா விடமாட்டானுங்க."

ரெஜினா என்னைப் பார்த்தாள். மாட்டினால் கழற்ற மாட்டேன் என்று சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். எனக்கு வயிறு கலங்கவில்லை, முட்டி ஆடவில்லை. இந்த வரிசை முதல் தடவையாக மாறியது. நேராகப் புத்தி போய்விட்டது. குனிந்து அவள் கழுத்துக்குப் பின்னால் கையை விட்டேன். குளிர்ந்திருந்தது. கொக்கி விரலில் அகப்பட்டது.

எதையாவது சொல்லாமல் ஒரு காரியத்தைச் செய்து எனக்குப் பழக்கமில்லை. என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமலே வாயைத் திறந்தேன்.

"நல்லாப் பாத்துக்கங்க, கழட்டப் போறேன்."

யாரோ ஒரு பெண் சிரித்த மாதிரி சத்தம் வந்து, பாதியில் வேறாக மாறியது. பாத்தாச்சுங்க, கழட்டுங்க என்று யாராவது ஒருத்தர் சொல்வார்கள் என்று குனிந்தபடியே நின்றேன். அவ்வளவு பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் அந்தப் பதில் தெரியும். ஒருத்தரும் சொல்லவில்லை.